தண்டவாளத்தைப் பெயர்த்துக் கப்பல் கட்டியவர்

1861-ம் ஆண்டு பிப்ரவரி மாதக் கடைசியில் ஸ்டீபன் ரஸ்ஸல் மல்லோரி என்பவருக்குக் கடற்படை மந்திரி பதவி கிடைத்தது. மந்திரி வந்துவிட்டார். கடற்படைதான் வரவில்லை!

அமெரிக்காவின் தென் மாநிலங்கள், கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்துப் பருத்தி விளைவித்து வந்தவை. ஆபிரகாம் லிங்கன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதும், அடிமை முறைக்கு ஆபத்து வந்துவிட்டது என்று கருதி அவை பிரிந்து போயின. முதலில் ஏழு, பிறகு நான்கு, ஆக 11 மாநிலங்கள். ஜெபர்சன் டேவிஸ் அவற்றுக்குத் தலைவரானார். அவர் அமைத்த மந்திரி சபையில்தான் மல்லோரிக்கு இந்தப் பதவி. அப்போது கையில் இருந்தவை சுமார் பத்துச் சிறு கப்பல்கள். எல்லாவற்றிலும் சேர்த்து 15 பீரங்கிகள். எதிரே வட மாநிலங்களின் அரசிடம் ஏறத்தாழ 90 கப்பல்கள் இருந்தன. பல பழையவைதான். ஆனால் புதிதாகக் கட்டத் தளங்களும் பட்டறைகளும் இரும்பாலைகளும் வடக்கே இருந்தன. தேசத்தில் உருக்கி எடுத்த இரும்பில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வடக்கில்தான் கிடைத்தது.

நான்கு வருடம் நடந்த அந்த உள்நாட்டுப் போரில் மல்லோரி முதல் நாள் முதல் கடைசி வரை அதே நாற்காலியில் இருந்தார். வேறு இலாகாக்களுக்கு மந்திரிகள் வந்தார்கள், போனார்கள். தபால் மந்திரி ரீகனும் மல்லோரியும் மட்டுமே மாறாதவர்கள். அந்த நான்கு வருடமும் அவர் எதிரியின் பீரங்கியோடு போராடியதைவிட, இரும்புத் தகட்டுக்கும் தகடு ஏற்றும் வேகனுக்கும் போராடியதே அதிகம்.

விடுதிக்கார அம்மாளின் பிள்ளை

மல்லோரி பிறந்தது மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டிரினிடாடில். தந்தை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்துக்காரர். தாய் எல்லன், அயர்லாந்துப் பெண். 1820-களின் தொடக்கத்தில் குடும்பம் புளோரிடாவின் தென்கோடியில் உள்ள கீ வெஸ்ட் என்னும் சிறு தீவுக்குக் குடியேறியது. தந்தை சீக்கிரமே காலமானார். கையில் பிள்ளை, எதிரே கடல். அந்த அம்மாள் கலங்கவில்லை. கப்பல் மாலுமிகளுக்குச் சாப்பாடு போட்டுப் படுக்க இடம் கொடுக்கும் விடுதி ஒன்றை நடத்தினார். மஞ்சள் காய்ச்சலில் விழுந்தவர்களுக்குப் பணிவிடையும் செய்தார். ஊர் விட்டு ஊர் வந்து மெஸ் சாப்பாட்டில் காலம் தள்ளுகிறவர்களுக்கு அந்த அம்மாளின் அருமை தெரியும்.

விடுதி வருமானத்தில் பிள்ளையைப் பென்சில்வேனியாவில் மொராவியன் சபையார் நடத்திய பள்ளிக்கு அனுப்பினார். சுமார் மூன்று வருடம்தான். அதற்கு மேல் சம்பளம் கட்ட முடியவில்லை. பையன் வீடு திரும்பினான். அவன் படித்த பள்ளிப் படிப்பு அவ்வளவே. பிறகு சுங்க இலாகாவில் இன்ஸ்பெக்டர் உத்தியோகம். உத்தியோகம் பார்த்துக்கொண்டே, வில்லியம் மார்வின் என்பவரிடம் சட்டம் படித்து வக்கீல் ஆனார்.

கீ வெஸ்டைச் சுற்றிப் பவளப் பாறைகள். கப்பல்கள் அடிக்கடி மோதி உடையும். உடைந்த கப்பலிலிருந்து சரக்கை மீட்பதே அந்த ஊரின் பிழைப்பு. மீட்டவனுக்கு எத்தனை பங்கு, உடைமைக்காரனுக்கு எத்தனை பங்கு என்ற வழக்குகளை நடத்தியே மல்லோரி பெயர் வாங்கினார். கப்பலைப் பற்றி அவர் கற்றது புத்தகத்தில் அல்ல, உடைந்து கிடந்த கப்பல்களில்தான். 1838-ல் பென்சகோலா நகரத்து ஏஞ்சலா மொரேனோவை மணந்தார். 1845-ல் சுங்கக் கலெக்டர். 1851-ல் அமெரிக்க செனட் சபை உறுப்பினர். அங்கே கடற்படைக் கமிட்டிக்குத் தலைவராகவும் ஆனார்.

1854-ல் ஆறு நீராவிப் போர்க்கப்பல்கள் கட்ட அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி கொடுத்தது. அதற்குத் துணை நின்றவர்களில் மல்லோரியும் ஒருவர். அந்த ஆறில் ஒன்றின் பெயர் 'மெரிமாக்'. இந்தப் பெயரை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1861 ஜனவரியில் புளோரிடா பிரிந்தது. மல்லோரி செனட் பதவியை ராஜினாமா செய்தார். அவரும் அடிமை முறையை ஆதரித்தவர்தான். அதை மறைத்துவிட்டு அவர் வாழ்க்கையைச் சொல்ல முடியாது.

மரமா, இரும்பா?

அந்தக் காலத்தில் போர்க்கப்பல் என்றால் மரக் கப்பல். பிரான்ஸ் 1859-ல் 'லா குளுவார்' என்ற கப்பலுக்கு இரும்புக் கவசம் பூட்டித் தண்ணீரில் இறக்கியது. மறு வருடம் பிரிட்டன் 'வாரியர்' கப்பலை இறக்கியது. இதையெல்லாம் மல்லோரி கவனித்து வந்தவர். எண்ணிக்கையில் வடக்கை எட்டிப் பிடிக்க முடியாது, மரக் கப்பலுக்கு மரக் கப்பல் கட்டிப் போட்டியிட்டால் தோல்விதான், குண்டு துளைக்காத ஒரே ஒரு கப்பல் இருந்தால் ஒரு படைக்குச் சமம் என்று கணக்குப் போட்டார். 1861 மே மாதமே அதை எழுத்தில் வைத்துப் பணம் கேட்டார். வடக்கில் உள்ள கடற்படை அதிகாரிகள் இரும்புக் கப்பல் வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஐரோப்பாவில் கவசக் கப்பல் ஒன்றை விலைக்கு வாங்க ஓர் அதிகாரியை அனுப்பினார். கிடைக்கவில்லை. சரி, வீட்டிலேயே கட்டுவோம் என்று முடிவு செய்தார். வீட்டில் என்ன இருந்தது? கனமான இரும்புத் தகடு அடிக்கக்கூடிய ஆலை, தெற்கு முழுவதிலும் அப்போது ஒன்றே ஒன்று. ரிச்மண்ட் நகரில் ஜோசப் ஆண்டர்சன் நடத்திய டிரெடிகர் இரும்பாலை. பீரங்கி வேண்டுமா, ராணுவம் அங்கே வரும். குண்டு வேண்டுமா, அங்கே. ரயில் சக்கரமும் அச்சும் வேண்டுமா, அதற்கும் அங்கே. அந்த வரிசையில் மல்லோரியும் போய் நின்றார்.

முங்கிய கப்பல் எழுந்தது

1861 ஏப்ரலில் வர்ஜீனியா மாநிலம் தெற்கோடு சேர்ந்தது. நார்ஃபோக் துறைமுகத்துக்கு எதிரே இருந்த காஸ்போர்ட் கப்பல் தளத்தை வடக்குப் படையினர் அவசர அவசரமாகத் தீ வைத்துவிட்டு ஓடினார்கள். தீ சரியாகப் பற்றவில்லை. உலர்துறை பிழைத்தது. பட்டறைகள் பிழைத்தன. ஏறத்தாழ 1,200 பீரங்கிகள் முழுசாகக் கிடைத்தன! தெற்கின் கோட்டைகளில் பின்னால் முழங்கிய பீரங்கிகளில் பெரும்பகுதி இந்தப் புதையலிலிருந்து போனவைதான்.

தண்ணீருக்கு மேலே எரிந்து, கீழே முங்கிக் கிடந்தது ஒரு கப்பல். அதுதான் 'மெரிமாக்'. கட்ட அனுமதி வாங்கித் தந்தவர்களில் ஒருவரின் கைக்கே அது கரிக்கட்டையாகத் திரும்பி வந்தது. மே மாதக் கடைசியில் அதை மேலே தூக்கினார்கள். புதிய கப்பலுக்கு எந்திரம் செய்யத் தெற்கில் வழியில்லை. ஆகவே இதன் பழைய எந்திரத்தையே வைத்துக்கொள்வது என்று தீர்மானம். அது ஏற்கெனவே உதவாது என்று ஒதுக்கப்பட்ட எந்திரம். போதாக்குறைக்கு உப்புத் தண்ணீரில் ஒரு மாதத்துக்கு மேல் ஊறியது.

பிரூக், போர்ட்டர், வில்லியம்சன் என்ற மூன்று நிபுணர்கள் திட்டம் போட்டார்கள். மேல்தளத்தில் வீட்டுக் கூரை மாதிரி இரு பக்கமும் சாய்ந்த மரச் சுவர். இரண்டு அடி கனமான அந்த மரத்தின் மேல் இரும்புத் தகடு. மல்லோரி இதற்குக் கேட்ட தொகை 1 லட்சத்து 72 ஆயிரத்துச் சொச்சம் டாலர். பணம் கிடைத்தது. தகடு?

ஒரு அங்குலத் தகடுகளை அடுக்கினால் போதும் என்று முதலில் நினைத்தார்கள். பீரங்கியால் சுட்டுப் பார்த்தபோது அது தாங்கவில்லை. இரண்டு அங்குலத் தகடே வேண்டும் என்று ஆயிற்று. டிரெடிகர் ஆலை தன் உருளைகளை மாற்றி அமைக்க வேண்டியதாயிற்று. மெல்லிய தகட்டில் அழுத்தித் துளை போடலாம். இரண்டு அங்குலத் தகட்டில் ஒவ்வொரு துளையையும் துருவித்தான் எடுக்க வேண்டும். வேலை இழுத்தது.

ஒன்பது மைல் பாதை

தகடு அடிக்க இரும்புக்கு எங்கே போவது? பழைய தண்டவாளம்தான். ஹார்ப்பர்ஸ் ஃபெரி பக்கத்தில் போர் நடந்த இடங்களில் பெயர்த்தெடுத்த தண்டவாளங்கள் உலைக்குப் போயின. 'மெரிமாக்'குக்கு வேண்டிய கவசம் 700 டன்னுக்கும் மேல். இதைப் பாதைக் கணக்கில் பார்த்தால்தான் விளங்கும். கெஜத்துக்கு 50 ராத்தல் எடையுள்ள தண்டவாளம் என்று வைத்துக்கொண்டால், இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு மைல் பாதைக்கு ஏறக்குறைய 80 டன் ஆகிறது. ஆக, ஒரு கப்பலுக்கு ஒன்பது மைல் பாதை போய்விட்டது. உருக்கும்போது சேதாரம் வேறு.

அடித்த தகட்டையாவது ஒழுங்காகக் கொண்டுபோக முடிந்ததா? ரிச்மண்டிலிருந்து நார்ஃபோக் தூரமில்லை. ஆனால் நடுவே பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து போகும் நேர்ப்பாதையின் அகலம் வேறு. ஒரு காலத்தில் மீட்டர் கேஜிலிருந்து பிராட் கேஜுக்குச் சரக்கு மாற்றிய நம் ஊர் ஜங்ஷன்களைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தொல்லை தெரியும். ஆகவே தகடுகள் தெற்கே வட கரோலினாவில் உள்ள வெல்டன் வரை போய்ச் சுற்றிக்கொண்டு வந்தன. அதற்கும் திறந்த வேகன் அகப்படுவதில்லை. சிப்பாய்களுக்கும் அவர்கள் தீனிக்கும்தான் முதல் உரிமை. தளத்தில் தச்சர்கள் தகட்டுக்குக் காத்துக்கொண்டிருக்க, ஆலை வாசலில் தகடுகள் வாரக் கணக்கில் வேகனுக்குக் காத்துக் கிடந்தன.

அந்த நேரத்தில் வடக்கே நியூயார்க்கில் எரிக்சன் என்ற சுவீடன் நாட்டு எந்திர நிபுணர் 'மானிட்டர்' என்னும் முழு இரும்புக் கப்பலைக் கட்டிக்கொண்டிருந்தார். 1861 அக்டோபரில் ஆரம்பித்தார். ஜனவரி முடிவதற்குள் தண்ணீரில் இறக்கிவிட்டார். அவர் கேட்ட தகட்டைக் கேட்டவுடன் கொடுக்கப் பல ஆலைகள் இருந்தன.

'வர்ஜீனியா' என்று புதுப் பெயர் சூட்டப்பட்ட 'மெரிமாக்' 1862 மார்ச் 8-ந் தேதி வெளியே வந்தது. 'கம்பர்லாண்ட்' என்ற மரக் கப்பலை மோதி முழுக்கியது. 'காங்கிரஸ்' என்ற கப்பலைக் கொளுத்தியது. மரக் கப்பலின் காலம் அன்று ஒரே மத்தியானத்தில் முடிந்தது. ஆனால் அன்று இரவே 'மானிட்டர்' வந்து சேர்ந்துவிட்டது. மறுநாள் இரண்டும் மணிக்கணக்காக மோதின. வெற்றி தோல்வி இல்லை. வேகன்கள் ஒரு மாதம் முன்னால் கிடைத்திருந்தால் எதிரே 'மானிட்டர்' இருந்திருக்காது.

இரண்டு மாதத்தில் நார்ஃபோக் கைவிட்டுப் போயிற்று. 'வர்ஜீனியா'வின் அடிப்பாகம் தண்ணீருக்குள் 22 அடி ஆழம் இறங்கும். ஆற்றில் ஏறி ரிச்மண்டுக்குப் போக முடியவில்லை. மே 11-ந் தேதி அதன் மாலுமிகளே அதை வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

வீடு கட்டுவது போல ஒரு கப்பல்

அதற்குச் சில நாள் முன்னால்தான் நியூ ஆர்லியன்ஸில் பெரிய இடி விழுந்திருந்தது. அங்கே 'மிஸிஸிப்பி', 'லூயிசியானா' என்று இரண்டு கவசக் கப்பல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. 'மிஸிஸிப்பி'யைக் கட்டியவர்கள் டிஃப்ட் சகோதரர்கள். அவர்களில் ஏஸா டிஃப்ட், மல்லோரியின் கீ வெஸ்ட் சிநேகிதர். இருவரும் கப்பல் கட்டியவர்கள் அல்ல. ஆனால் அவர்கள் யோசனை புத்திசாலித்தனமானது. கப்பல் தச்சர்கள் கிடைக்கவில்லை, வளைந்த மரமும் கிடைக்கவில்லை. ஆகவே வளைவே இல்லாமல் நேர்க்கோடுகளாக, வீட்டுத் தச்சன் கட்டக்கூடிய மாதிரி ஒரு கப்பல்! காட்டிலிருந்து அப்போதுதான் வெட்டிய பச்சை மரம்.

உடம்பு வளர்ந்தது. மூன்று எந்திரமும் 16 கொதிகலனும் வேண்டும். தகடு அட்லாண்டாவிலிருந்து வரவேண்டும். நடு அச்சுத்தண்டு அவ்வளவு நீளத்துக்கு நியூ ஆர்லியன்ஸில் யாராலும் அடிக்க முடியவில்லை. வேலை டிரெடிகர் ஆலைக்குப் போயிற்று. அது முடிந்து ரயிலில் அத்தனை தூரம் வந்து இறங்கியபோது 1862 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தமும் செய்தார்கள். விலைவாசி ஏறும்போது கூலிக்காரன் சும்மா இருப்பானா?

ஏப்ரல் 24-ந் தேதி வடக்கின் தளபதி ஃபாரகட் கோட்டைகளைத் தாண்டி ஆற்றில் ஏறி வந்துவிட்டார். 'லூயிசியானா'வின் எந்திரம் ஒரு பழைய ஆற்று ஸ்டீமரிலிருந்து கழற்றியது. அது சரியாக ஓடவில்லை. கரையில் கட்டிப்போட்ட நிலையிலேயே அந்தக் கப்பல் சுட்டது. பிறகு வெடித்து அழிந்தது. 'மிஸிஸிப்பி' எரிக்கப்பட்டது. டிஃப்ட் சகோதரர்களைத் துரோகிகள் என்று ஜனங்கள் பிடித்துக்கொண்டார்கள். சொந்தக் காலத்தைக் கொடுத்து உழைத்தவர்கள்!

மல்லோரியையும் விடவில்லை. பத்திரிகைகள் திட்டின. அவர் இலாகாவை விசாரிக்க இரு சபைகளின் கமிட்டி ஒன்று 1862-ல் ஏற்பட்டது. சாட்சி சாட்சியாக அழைத்துத் துருவியது. கடைசியில் அவர் மேல் குற்றம் காணவில்லை. தண்டு ஏன் தாமதமாயிற்று என்றால் ஆலை ஒன்றுதான். ஆலை ஏன் தாமதித்தது என்றால் இரும்பு இல்லை. டிரெடிகர் ஆலைக்கே போர் முழுவதும் வேண்டிய அளவு கச்சா இரும்பு வந்ததில்லை. எத்தனை சாட்சி அழைத்தாலும் இதைத் தவிர வேறு பதில் இல்லை.

சோளக் கொல்லையில் கப்பல் தளம்

கடற்கரை ஊர்கள் ஒவ்வொன்றாகப் போகப் போக, மல்லோரியின் தளங்கள் உள்நாட்டுக்கு நகர்ந்தன. காஸ்போர்ட் தளத்தின் எந்திரங்களை ரயிலில் ஏற்றி வட கரோலினாவின் ஷார்லட் ஊருக்குக் கொண்டுபோனார்கள். ஷார்லட், கடற்கரைக்கு 100 மைலுக்கு மேல் உள்ளே இருக்கும் ஊர். அலைச் சத்தமே கேட்காத ஊரில் கடற்படைத் தளம்! அங்கே கப்பல் அச்சுத்தண்டுகள் அடித்தார்கள். அலபாமாவில் செல்மாவில் பீரங்கி வார்ப்பாலை. ஜார்ஜியாவில் கொலம்பஸ் ஊரில் எந்திரப் பட்டறை. அட்லாண்டா ஆலையும் அலபாமாவின் ஷெல்பி ஆலையும் தகடு அடிக்கத் தொடங்கின.

கப்பலை ஆற்றங்கரையில் எங்கே இடம் கிடைத்ததோ அங்கே கட்டினார்கள். ஐஸக் பிரவுன் என்ற அதிகாரியை 'ஆர்க்கன்ஸா' என்ற கப்பலை முடிக்க 1862 மே மாதம் யாசூ ஆற்றுக்கு அனுப்பினார்கள். அவர் போய்ப் பார்த்தபோது பாதிக் கப்பல்தான் நின்றது. கவசத் தண்டவாளங்கள் ஏற்றி வந்த படகு முங்கி, இரும்பெல்லாம் ஆற்றுக்கு அடியில் கிடந்தது. முதலில் அதைத் தூக்கினார். சுற்றுவட்டாரப் பண்ணைகளிலிருந்து 14 கொல்லுலைகளை வாங்கி வந்தார். ஒரு ஸ்டீமரைப் பக்கத்தில் கட்டி, அதன் பளு தூக்கும் எந்திரத்தைக் கொண்டு தண்டவாளத்தில் துளை போட்டார். பீரங்கி வண்டிகளைக் காட்டு மரத்தில், அதுவரை அந்த வேலையே செய்திராதவர்கள் செய்து கொடுத்தார்கள். பின்பக்கத்துக்கு இரும்பு போதவில்லை. மெல்லிய கொதிகலன் தகட்டை ஒட்டி ஒப்பேற்றினார்கள். தூரத்திலிருந்து பார்க்கும் எதிரிக்கு அதுவும் கவசமாகத் தெரியட்டும் என்று! ஐந்து வாரத்தில் கப்பல் தயார். ஜூலை 15-ந் தேதி அது வடக்கின் கப்பல் கூட்டத்தின் நடுவே புகுந்து விக்ஸ்பர்க்கை அடைந்தது. ஆகஸ்டு 6-ந் தேதி எந்திரம் நின்றுபோயிற்று. எதிரி கையில் சிக்கக்கூடாது என்று சொந்த ஆட்களே கொளுத்தினார்கள். அதன் ஆயுசு 23 நாள்.

வட கரோலினாவில் ரோனோக் ஆற்றங்கரைச் சோளக் கொல்லை ஒன்றில் கில்பர்ட் எலியட் என்ற இளைஞர் 'ஆல்பமார்ல்' கப்பலைக் கட்டினார். வயது இருபதைத் தொடவில்லை. அங்கே ஜேம்ஸ் குக் என்ற கேப்டன் இரும்பு தேடி ஊர் ஊராக அலைந்தார். பழைய இரும்பு வியாபாரி என்றே அவருக்குப் பட்டப்பெயர். இரண்டு அங்குலத் தகட்டில் ஒரு துளை போட 20 நிமிடம் ஆயிற்று. பீட்டர் ஸ்மித் என்பவர் முறுக்குத் துளைக்கருவி ஒன்றைச் செய்தார். துளைக்கு நான்கு நிமிடமே போதும் என்றாயிற்று. கப்பல் ஒன்றுக்கு ஆயிரக்கணக்கில் துளைகள் வேண்டும் என்பதை எண்ணிப் பார்த்தால் இந்தக் கருவியின் மதிப்பு தெரியும். 1864 ஏப்ரலில் 'ஆல்பமார்ல்' வெளியே வந்து எதிரிக் கப்பலை முழுக்கியது. அக்டோபரில் கஷிங் என்ற வடக்கு அதிகாரி இரவில் சிறு படகில் வந்து வெடி வைத்து அதை முழுக்கினார்.

அதே மாநிலத்தின் 'நியூஸ்' என்ற கப்பலுக்கு அவ்வளவு கூடக் கொடுத்து வைக்கவில்லை. சிப்பாய் வண்டிகள் பாதையை அடைத்துக்கொண்டதால் தகடு வந்து சேரவில்லை. வந்த வரை போதும் என்று 1864 ஏப்ரலில் புறப்பட்டது. அரை மைல் போவதற்குள் மணலில் தட்டியது. கடைசி வரை அந்த ஊரைத் தாண்டவில்லை.

யார் கொடுப்பார் தண்டவாளம்?

1863 தொடக்கத்தில் எந்தப் பாதையைப் பெயர்க்கலாம் என்று தீர்மானிக்க ஒரு கமிஷனே அமைத்தார்கள். போர் நடந்த காலத்தில் தெற்கில் ரயில் பாதைக்குப் புதிய தண்டவாளம் அடிக்கப்படவில்லை. மொத்தம் சுமார் 9,000 மைல் பாதை. தேய்ந்த இடத்தில் போட வேறு கிளைப் பாதையைத்தான் பெயர்க்க வேண்டும். அதற்கே போதாது. அதிலும் ஒரு பங்கை மல்லோரி கப்பலுக்குக் கேட்டார். இந்தச் சக்கரத்தில்தான் அவர் மாட்டிக்கொண்டார். பாதையைப் பெயர்த்தால்தான் கவசம். பெயர்த்தால் நிலக்கரியும் தகடும் எந்திரமும் தளத்துக்கு வராது. பெயர்க்காவிட்டால் கப்பலே இல்லை.

ரயில் கம்பெனிக்காரர்களும் மாநில கவர்னர்களும் கொடுக்க மனம் வைக்கவில்லை. மாநில உரிமைக்காகப் பிரிந்து வந்தோம் என்று சொன்னவர்கள், சொந்த அரசாங்கத்துக்கே தண்டவாளம் தர மறுத்தார்கள்! புளோரிடா ரயில் பாதையின் தலைவர் டேவிட் யூலி. மல்லோரியோடு செனட் சபையில் அதே மாநிலத்துக்காக உட்கார்ந்திருந்தவர், அவரைப் போலவே மேற்கிந்தியத் தீவில் பிறந்தவர். அவருடைய தண்டவாளத்தை வேறொரு பாதையை இணைப்பதற்காக 1864-ல் அரசாங்கம் எடுக்க வந்தபோது யூலி கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்.

ஆள் பஞ்சம் இதைவிடக் கொடுமை. 1862-ல் கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் வந்தது. கொல்லர், தச்சர், ஃபிட்டர் எல்லாரும் துப்பாக்கி தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர்களைத் திருப்பிக் கொடுங்கள் என்று மல்லோரி ராணுவ இலாகாவுக்கு எழுதாத நாள் இல்லை. ராணுவம் விடவில்லை. ஆலைகளிலும் தளங்களிலும் அடிமைகளையே பெருவாரியாக வேலை வாங்கினார்கள். உலை ஊதினவர்களும் தகடு சுமந்தவர்களும் அவர்கள். எவன் காலில் விலங்கு இருக்கிறதோ அவன் கையையே நம்பி ஒரு கடற்படை! 1862 மே மாதம் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி, 'பிளான்டர்' என்ற ராணுவக் கப்பலை வெள்ளைக்கார அதிகாரிகள் கரையில் தூங்கும்போது ஓட்டிக்கொண்டு போய், மனைவி மக்களோடு வடக்குப் படையிடம் சேர்ந்துவிட்டார். பிற்காலத்தில் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார்.

சின்னச் சாமான்களின் கதை தனி. கப்பல் இடுக்குகளை அடைக்கச் சணல் நார் இல்லை. பஞ்சைத் திணித்தார்கள். கயிறும் பஞ்சில் திரித்தார்கள். ஜார்ஜியாவில் சவன்னா ஊர்ப் பெண்கள் பணம் திரட்டிக் கொடுத்து ஒரு கவசக் கப்பல் உருவாயிற்று. 'ஜார்ஜியா' என்று பெயர். கவசம் முழுவதும் தண்டவாளம். எந்திரத்தால் அந்தப் பாரத்தை நகர்த்த முடியவில்லை. ஆற்றில் நங்கூரம் போட்டு மிதக்கும் கோட்டையாக நிறுத்திவிட்டார்கள்.

அஞ்சுதெங்குக்கு வந்தவர்கள்

வீட்டில் கட்ட முடியாததை வெளியே வாங்க, ஜேம்ஸ் புல்லக் என்பவரை மல்லோரி 1861-லேயே இங்கிலாந்துக்கு அனுப்பியிருந்தார். அவர் ரகசியமாகக் கட்டுவித்ததுதான் 'அலபாமா'. வடக்கின் வியாபாரக் கப்பல்களைத் தேடித் தேடி எரித்த கப்பல். சுமார் 65 கப்பல்களைப் பிடித்தது. சிங்கப்பூர் வழியாக நம் கடலுக்கும் வந்தது. 1864 ஜனவரியில் மலையாளக் கரையோரம் 'எம்மா ஜேன்' என்ற கப்பலைக் கொளுத்தி, அதில் இருந்தவர்களைத் திருவிதாங்கூர்க் கரையில் அஞ்சுதெங்கில் இறக்கிவிட்டுப் போயிற்று.

அந்தப் போரின் காற்று இங்கே வேறு விதமாகவும் வீசியது. தெற்கின் துறைமுகங்களை வடக்குக் கப்பல்கள் அடைத்துவிட்டதால் அமெரிக்கப் பஞ்சு வெளியே போகவில்லை. இங்கிலாந்தின் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்குப் பறந்தன. பம்பாயில் பணம் புரண்டது. பங்குக் கம்பெனிகள் முளைத்தன. 1865-ல் போர் முடிந்த செய்தி வந்ததும் விலை விழுந்தது. கம்பெனிகளும் விழுந்தன.

'அலபாமா'வும் 1864 ஜூனில் பிரான்ஸ் கரைக்கு எதிரே முழுகியது. நீண்ட காலம் துறைமுகம் இல்லாமல் அலைந்ததில் அதன் வெடிமருந்து நமுத்துப் போயிருந்தது. புல்லக் இங்கிலாந்தில் கட்டுவித்த இரண்டு பெரிய கவசக் கப்பல்களை 1863-லேயே பிரிட்டிஷ் அரசாங்கம் பிடித்து வைத்துவிட்டது.

உள்ளூரில் மிஞ்சியவற்றில் பெரியது மொபைல் துறைமுகத்து 'டென்னசி'. கவசம் நல்ல கவசம். எந்திரம், வழக்கம்போல, ஓர் ஆற்று ஸ்டீமரிலிருந்து எடுத்தது. சுக்கான் சங்கிலிகள் மேல்தளத்தில் வெளியே தெரிய ஓடின. 1864 ஆகஸ்டு 5-ந் தேதிச் சண்டையில் குண்டு பட்டுச் சங்கிலி அறுந்தது. திருப்ப முடியாத கப்பல் சரணடைந்தது.

மல்லோரி கட்டத் திட்டமிட்ட கவசக் கப்பல்கள் சுமார் 50. சேவைக்கு வந்தவை 22. அவற்றில் எதிரியால் அழிந்தவை கொஞ்சம். சொந்த ஆட்கள் கொளுத்தியவையே அதிகம்.

கடைசிக் காலம்

1865 ஏப்ரல் 2-ந் தேதி இரவு ரிச்மண்ட் கைவிடப்பட்டது. ஆற்றில் நின்ற கப்பல்களை வெடி வைக்க உத்தரவு போட்டுவிட்டு மல்லோரி, டேவிஸோடு ரயில் ஏறினார். அவர் துண்டு துண்டாகப் பெயர்த்தது போக மிஞ்சிய பாதை. ஒரு மாதம் ஊர் ஊராக ஓடினார்கள். மே மாதத் தொடக்கத்தில் ஜார்ஜியாவில் வாஷிங்டன் என்ற ஊரில் ராஜினாமாக் கொடுத்துவிட்டு, லாக்ரேஞ்ச் ஊரில் இருந்த மனைவி மக்களிடம் போனார். சில நாளில் அங்கேயே கைதானார். நியூயார்க் துறைமுகத்து லஃபாயெட் கோட்டையில் சிறை. மனைவி ஏஞ்சலா அதிகாரிகளைக் கண்டு மன்றாடினார். 1866 மார்ச்சில் விடுதலை கிடைத்தது.

அதே வருடம் பென்சகோலாவுக்குத் திரும்பி மறுபடி வக்கீல் தொழிலைத் தொடங்கினார். இனி அரசாங்கப் பதவிக்கு வழியில்லை. கீல்வாதம் வாட்டியது. 1873 நவம்பரில் காலமானார். பென்சகோலாவில் புனித மைக்கேல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். அவர் பெயரையே கொண்ட மகன் பிற்காலத்தில் அமெரிக்க செனட் சபையில் உட்கார்ந்தார்.

'நியூஸ்' கப்பலின் மிச்சத்தை 1963-ல் ஆற்றிலிருந்து எடுத்து, அது தட்டி நின்ற கின்ஸ்டன் ஊரிலேயே காட்சிக்கு வைத்தார்கள். சவன்னாவில் 'ஜார்ஜியா'வை 1864 டிசம்பரில் அதன் ஆட்களே முழுக்கியிருந்தார்கள். துறைமுகத்தை ஆழப்படுத்தும் வேலைக்காக 2013-லும் 2015-லும் அதன் பாகங்களை வெளியே தூக்கினார்கள். ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது கவிழ்ந்தும், ஒன்றின் இடுக்கில் ஒன்றாக வரிசையாகக் கோத்து அறைந்த தண்டவாளங்கள், மரத்தோடு சேர்ந்தபடியே மேலே வந்தன.